சீனி இல்லாத வீடு

உரப்பையின் வாயைக் கயிற்றால் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார் என் கணவர். பைக்குள் இருந்தது எங்கள் வீட்டுச் சீனி முழுவதும். போத்தலில் இருந்து கவிழ்த்த சீனி, சர்க்கரைப் பொட்டலம், பனங்கட்டிக் குட்டான், பாதி குறைந்த ரின்பால், விருந்தாளிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த பிஸ்கற். மகளின் புத்தகப் பைக்குள் மறந்துபோய்க் கிடந்த இரண்டு ரொபி மிட்டாய் கூடத் தப்பவில்லை.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணிக்கெண்டாலும் ஒரு கரண்டி விட்டிட்டுப் போங்கோவன்," என்றேன்.

"ஒரு கரண்டியிலைதான் எல்லாம் துவங்கிறது," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் தமக்கை வீட்டுக்குத்தான் அந்தப் பயணம். போகும் வழியில் பையின் மூலையில் இருந்து சீனி மெல்லியதாகக் கொட்டிக்கொண்டே போயிருக்கிறது. மத்தியானம் வரை எங்கள் வாசல் படலையில் இருந்து அவர் அக்கா வீட்டுப் படலை வரை எறும்பு ஊர்ந்தது. ஊருக்கே சேதி சொல்லிவிட்டுத்தான் சீனி எங்கள் வீட்டை விட்டுப் போனது.

இது நடந்து சில ஆண்டுகள். சென்ற கிழமை இந்தப் பத்தியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த கதையை எழுதியபோது, "வயல்காரர் வீட்டில் சோற்றை அளந்து போடுகிறோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கண்டவர்கள் எல்லோரும் அந்தச் சோற்றைப் பற்றித்தான் கேட்டார்கள். அதனால் இந்தக் கிழமை அதுவே கதை.

தண்ணீர் குடித்த பிள்ளை

எங்கள் ஊர் முரசுமோட்டை. நான் முன்பள்ளியில் சின்னதுகளோடு கத்துகிறவள். கணவர் சிவனேசன் வயலோடு கத்துகிறவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, தர்சிகா. அவள் ஆறாம் வகுப்புக்குப் போன ஆண்டில்தான் இது தொடங்கியது.

முதலில் தண்ணீர். பாடசாலைக்குக் கொண்டுபோன போத்தலைப் பாதி வழியிலேயே முடித்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் செம்போடு குடத்தடியில் நிற்பாள். அந்த நேரம் ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி நடந்ததால், வெயிலில் ஓடுகிற பிள்ளை குடிக்கத்தானே செய்யும் என்று நினைத்தோம். மெலிந்தபோதும் ஓட்டத்தையே சொன்னோம். சட்டையின் தோள் வழுகி விழுந்தது. நானும் ஊசி நூல் எடுத்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஒரு காலை அவளால் எழும்ப முடியவில்லை. வாயில் அழுகத் தொடங்கிய பழத்தின் மணம் அடித்தது. கிளிநொச்சிக்கு ஓடினோம். அங்கே இளம் டொக்டர் ஒருவர், நாங்கள் அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார். இந்தப் பிள்ளையின் உடம்பு இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிட்டது. இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, பெற்றவர்களின் பிழையும் அல்ல. இனி ஊசி தான் அவளுக்கு உயிர். ஊசியோடு அவள் படிப்பாள், ஓடுவாள், எல்லாம் செய்வாள்.

"ஓடுவாள்" என்ற சொல்லைக் கேட்டதும் தர்சிகா கட்டிலில் கிடந்தபடியே கண்ணைத் திறந்தாள். அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது அப்போதுதான்.

ஊரின் வைத்தியம்

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது ஊர்வலம். சின்னப்பிள்ளைக்குச் சீனி வருத்தமாம் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கையில் எதையாவது கொண்டு வந்தார்கள். பாகற்காய், கோவை இலை, காய்ந்த நாவற்கொட்டை. அன்பு தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேருக்கே சீனி வருத்தம். ஐம்பது வயதில் வந்த தங்கள் வருத்தத்தையும் இவளுக்கு வந்ததையும் ஒன்றென்று நினைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, பாடு வேறு என்பதைச் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துபோனது.

ஒரு தூரத்து உறவுக்காரர் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, "உந்த ஊசியைப் பழக்கிப்போடாதை பிள்ளை. மருந்து இலை ஒண்டு இருக்கு, ஊசியை விட்டிட்டு அதைக் குடு," என்றார். அவருக்கு நான் தேத்தண்ணி கூட வைக்கவில்லை. படலை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மாமியார் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றினேன்.

குரக்கன் என்கிற கேழ்வரகின் கதை வேறு. அது மச்சாளின் வேலை. என் கணவரின் தமக்கை பவளம் தான் மச்சாள். எங்கள் சீனிக்கு அடைக்கலம் கொடுத்தவாவும் அவா தான். குரக்கன் சீனியைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பெரிய பை மா கொண்டு வந்து இறக்கினா. "இனிப் பிள்ளை வயிறாறத் தின்னட்டும்," என்றா. வீடு முழுக்கச் சந்தோசம். காலையில் குரக்கன் புட்டு, பின்னேரம் குரக்கன் ரொட்டி. தர்சிகாவும் வயிறு முட்டத் தின்றாள். பிறகு விரலில் குத்தி, இரத்தத்தில் சீனி பார்க்கும் மீற்றரில் வைத்தோம். அதில் ஏறி நின்ற எண்ணைப் பார்த்து மச்சாள், "உந்த மெசின் பழுது," என்றா.

மெசின் பழுதில்லை. குரக்கனும் மா தான். அதில் நார் கூட, சத்துக் கூட, எல்லாம் சரி. ஆனால் மா என்றால் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். சோறும் அப்படித்தான், பாணும் அப்படித்தான், இடியப்பமும் மரவள்ளியும் பனங்கிழங்கும் அப்படித்தான். சீனி இனிப்பில் மட்டும் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, குசினியில் எந்தப் பானையைத் திறந்தாலும் அது ஒளித்திருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

அரிசி மூட்டை வெளியேறியது

அடுத்து வந்த தைப்பொங்கலன்று தர்சிகா ஆசையாகப் புக்கை தின்றாள். மற்ற ஊர்க்காரர் பொங்கல் என்பதை நாங்கள் புக்கை என்போம். பின்னேரம் மீற்றர் எண் எகிறியது. கிளினிக்கில் காட்டியபோது, இனிப்பைக் குறைத்துச் சோற்றை அளந்து கொடுக்கும்படி சொன்னார்கள். அளந்து கொடு என்று சொன்னதை என் மனுசன், அறவே கொடாதே என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அந்த உரப்பைப் பயணம்.

சீனி போன மறுநாள் அரிசியும் போனது. அதையும் தமக்கை வீட்டுக்கே கொண்டுபோனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் போர்க்காலத்தின் கடைசி மாதங்களில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவர். அந்தக் கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டியிருந்தது என்று எப்போதாவது சொல்வார், அதற்குமேல் சொல்ல மாட்டார். ஊருக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்த காலத்திலும் வீட்டுக்குள் ஒரு மூட்டை அரிசி இருக்க வேண்டும் அவருக்கு. பிறகு கல்வீடு கட்டியபோதும் படுக்கும் அறையின் மூலையில் மூட்டையை வைத்தார். எலி வரும் என்று நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்தும் அந்த மூட்டை அசையவில்லை. படுக்கப் போகும் முன் கையால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்.

அந்த மூட்டையைத்தான் அவர் அன்று தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அவர் எனக்குத் தாலி கட்டியபோது கூட அந்த மனுசனை அவ்வளவு பிடித்ததாக நினைவில்லை.

"பிள்ளை தின்னாததை நான் தின்னமாட்டன்," என்றார். சொன்னபடியே நின்றார். ஆட்டக்காரி நெல் விதைத்து ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர், தன் வீட்டில் கோவா என்கிற முட்டைக்கோசை அவித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள் வைத்து ஒரு மாடு போல நிதானமாக மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்பார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அவர் போட்ட கணக்கு வயல்காரனின் கணக்கு. "பார் சாந்தி, வயலிலை தண்ணி கூடிப்போச்செண்டா என்ன செய்வம்? மடையை மறிப்பம். சோறுதான் தண்ணி. மறிச்சுப்போட்டா இரத்தத்திலை சீனி எங்காலை ஏறும்?" என்று எனக்கு விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மீற்றரிலும் எண் இறங்கியது. ஆனால் தர்சிகா முன்போலக் கதைக்கவில்லை. பின்னேரங்களில் ஓடப் போகாமல் சுருண்டு படுத்தாள். களைப்பென்று நினைத்தோம். சோறு குறைந்தால் ஊசி மருந்தையும் குறைக்க வேண்டும், அதைக் கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் இருவரின் மண்டையிலும் உறைக்கவில்லை. அடுத்த கிளினிக் நாள் தைப்பூசத்துக்குப் பிறகு இருந்தது.

புதிர் நாள்

தைப்பூசத்தில் எங்கள் பக்கத்து வயல்காரர் புதிர் எடுப்பார்கள். நல்ல நேரம் பார்த்து வயலில் இறங்கி, முற்றிய கதிரில் ஒரு பிடி அறுத்து, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். புது நெல்லில் கொஞ்சத்தைக் குற்றி, பழைய அரிசியோடு கலந்து புக்கை பொங்கி, சாமிக்குப் படைத்து, பிறகு வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து முதல் வாய் உண்ண வேண்டும். அதுவரை ஒருவரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை.

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் புதிர் எப்படி என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய பிரச்சினை.

"கதிரைக் கொண்டு வந்து சாமியறையிலை கட்டுவம். புக்கை வேண்டாம், அவிச்ச கடலை படைப்பம்," என்றார் இவர்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? புதிருக்குக் கடலையோ?" என்றா மச்சாள். "உன்ரை பிள்ளைக்குச் சீனி வருத்தம், ஓம். சாமிக்குமோ சீனி வருத்தம்?"

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. சாமிக்கு மட்டும் ஒரு சின்னப் பானையில் புக்கை. அதற்கு வேண்டியதை மச்சாள் தன் வீட்டில் இருந்து கொண்டுவருவா. அது சாமியறையைத் தாண்டி வரக் கூடாது. எங்களுக்குக் கடலை.

அன்று காலை மச்சாள் புதுச் சேலை கட்டி, கையில் ஓலைப் பெட்டியோடு வந்து இறங்கினா. பெட்டிக்குள் எங்கள் அரிசியில் கொஞ்சம், எங்கள் சர்க்கரையில் கொஞ்சம், முள்ளியவளையில் வாங்கிய காட்டுத் தேன் ஒரு சின்னப் போத்தல். எங்கள் வீட்டுச் சர்க்கரை எங்கள் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தது. "வாங்கோ, வாங்கோ," என்று நான் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். தர்சிகா விழுந்து விழுந்து சிரித்தாள். தேனையும் சர்க்கரையையும் மச்சாள் சாமியறையில், படத்துக்கு முன்னால், தட்டில் வைத்தா.

தர்சிகாவுக்குக் காலை ஊசியைத் தகப்பன் தான் போடுவார். போட்டு அரை மணித்தியாலத்துக்குள் அவள் சாப்பிட வேண்டும். அன்றும் வழமை போலப் போட்டார், போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் வயலுக்குப் போனார். நல்ல நேரம் ஊசிக்குச் சரியாகப் பொருந்தி வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தோம். அவர் வருவதற்குள் உலை கொதித்துவிடும், கதிர் வந்ததும் புக்கை பொங்கி, படைத்து, பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுவாள்.

ஆனால் முதல் நாள் பெய்த மழையில் விறகு நனைந்திருந்தது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. வயலில் இருந்து வந்த மனுசன், வழியில் யாரோ மறித்துக் கதைத்ததால் பிந்தி வந்தார். கதிர் ஈரம், உமி கழலவில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியது.

"மாமி, எனக்குப் பசிக்குது. கடலை கொஞ்சம் தாங்கோவன்," என்றாள் தர்சிகா.

"பொறம்மா. இவ்வளவு நேரம் இருந்திட்டாய், இனி ஒரு கொஞ்சம். படைக்கிறதுக்கு முதல் வாயிலை வைக்கக் கூடாது," என்றா மச்சாள்.

நான் வெளியடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் புகை. பிள்ளை பிறகு கேட்கவில்லை. பாயில் பாவாடையை விரித்து இருந்தவள், திடீரென்று என்னைப் பார்த்து, "அம்மா எப்பவும் இப்பிடித்தான்!" என்று கத்தினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவள் அப்படிக் கத்துகிற பிள்ளை இல்லை. நான் ஏசுவதற்கு வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். மேல் உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"தர்சி?"

"ம்," என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை.

சீனி இறங்கினால் எப்படி இருக்கும் என்று கிளினிக்கில் சொல்லித் தந்திருந்தார்கள். இறங்கினால் உடனே சீனி கொடுக்க வேண்டும். சீனி! குசினிக்குள் ஓடினேன். சீனிப் போத்தலைத் திறந்தேன், வெறும் போத்தல். அடுத்த ரின்னைத் திறந்தேன், வெறும் ரின். சர்க்கரை வைக்கிற பேணி, ரின்பால் வைக்கிற தட்டு, பிஸ்கற் அலுமாரி. எல்லாவற்றையும் மனுசன் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். சுத்தமான ஒரு குசினியை நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்ததில்லை. "ஐயோ, ஒரு கரண்டி! ஒரு கரண்டி சீனி இல்லையே!" என்று கத்தினேன்.

திரும்பி ஓடி வந்தபோது பிள்ளை மச்சாளின் மடியில் இருந்தாள். மச்சாள் தேன் போத்தலைப் பல்லால் கடித்துத் திறந்திருந்தா. சாமிக்கு முன்னால் இருந்த அதே தேன். இன்னும் படைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு கடலை கொடுக்க மறுத்தவா, சாமியறைக்குள் எப்படிப் புகுந்தாவோ, எப்படி எடுத்தாவோ.

"வாயைத் திற அம்மா. விழுங்கு ராசாத்தி. விழுங்கு. இன்னும் ஒருக்கா," என்று கரண்டி கூட இல்லாமல் விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினா. புதுச் சேலை முழுக்கத் தேன். பிள்ளை விழுங்கினாள். நான் மீற்றரைக் கொண்டு வந்தேன், அதையும் மச்சாளே வாங்கிக் குத்தினா. எண் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. தட்டில் இருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம்.

என் கணவர் வாசலில் நின்றார். கையில் சாமியறையில் கட்ட வைத்திருந்த மிச்சக் கதிர். அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்திருக்கவும் தெரியவில்லை.

கொஞ்சத்தில் தர்சிகாவின் கண் என்னைப் பார்த்தது. உதட்டை நக்கினாள். "மாமி, தேன் நல்லா இருக்கு," என்றாள்.

மச்சாள் அப்போதுதான் அழுதா. நானும் அழுதேன். மனுசன் கதிரோடு நிலத்தில் குந்திவிட்டார். அடுப்பில் புக்கை அந்த நேரம் பார்த்துப் பொங்கி வழிந்தது. ஒருவரும் எழும்பிப் பார்க்கவில்லை.

மடையும் வடிகாலும்

அன்றே கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த தாதி எல்லாவற்றையும் கேட்டா. ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"சோத்தைக் குறைக்கிறது நல்லதுதான் அண்ணை. ஆனா எங்களிட்டைச் சொல்லிப்போட்டுக் குறையுங்கோ. ஊசியின்ரை அளவு பிள்ளை தின்னிற சாப்பாட்டுக்குத்தான். அதைக் குறைச்சா இதையும் நாங்கள் குறைச்சுத் தருவம். ஊசி போட்டாப் பிள்ளை சாப்பிட வேணும், நல்ல நேரம் பாக்கேலாது. அடுத்தது, சீனி இல்லாத வீட்டிலை இந்தப் பிள்ளை இருக்கக் கூடாது."

கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார்: "மடையையும் மறிச்சுப்போட்டு, வடிகாலையும் திறந்து விட்டிருக்கிறன். வயலுக்கு ஒருநாளும் அப்பிடிச் செய்யமாட்டன்."

தாதிக்கு விளங்கியது. இந்தப் பக்கத்தில் வயல் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள். "இனி ரெண்டையும் சேர்த்துப் பாப்பம் அண்ணை," என்றா.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தர்சிகா, தகப்பனின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, நீங்கள் சோறு தின்னுங்கோ. என்னாலை வீட்டிலை ஒருத்தரும் சோறு தின்னேல்லை எண்டா, எனக்குத் தொண்டைக்குள்ளை ஒண்டும் இறங்குதில்லை."

மனுசன் வண்டியை நிற்பாட்டி, கண்ணுக்குள் பூச்சி விழுந்துவிட்டது என்றார். வன்னியில் பூச்சிக்குப் பஞ்சமில்லை, நாங்களும் நம்பினோம்.

இப்போது எங்கள் தட்டில்

அரிசி மூட்டை திரும்பி வந்தது. சீனியும் வந்தது. ஆனால் முன்பிருந்தது போல இல்லை.

எங்கள் தட்டில் முந்திச் சோறு மலை, கறி அடிவாரம். இப்போது அதைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். தர்சிகா ஒரு சின்னச் சிரட்டையைத் தானே தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறாள். அவளின் சோறு அந்தச் சிரட்டையால் ஒன்று. கிளினிக்கில் காட்டி, அதற்கேற்ப ஊசியைப் போடச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மிச்சத் தட்டெல்லாம் மீன், முட்டை, முருங்கையிலை வறை, பயற்றங்காய், கத்தரிக்காய், கீரைக் கடையல். முல்லைத்தீவுக் கரையில் இருந்து மீன் பெட்டியோடு வருகிற அண்ணைக்கு இப்போது எங்கள் படலை தான் முதல் படலை.

புட்டில் மாவைப் பாதியாக்கி, தேங்காய்ப்பூவும் முருங்கையிலையும் சின்ன இறாலும் போட்டு அவிக்கிறேன். அதற்கு மாப் புட்டை விட ருசி கூட, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கூழுக்குக் காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா ஒரு கை, நண்டும் மீனும் கீரையும் இரண்டு கை. பாடசாலைக்கு அவித்த முட்டையும் வறுத்த கச்சான் கடலையும். கோவாவைச் சோறு போல அரிந்து போட்டதை மட்டும் தர்சிகா தள்ளி வைத்துவிட்டாள். "அது அப்பாவுக்குப் பிடிக்கும் அம்மா, அவருக்கு வையுங்கோ," என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். மனுசன் என்னை முறைத்தார். நான் என்ன செய்ய.

எங்கள் வீட்டில் ஒருவருக்கென்று தனிச் சமையல் கிடையாது. அவள் தின்பதைத்தான் நாங்களும் தின்கிறோம், சோறு மட்டும் எங்களுக்கு ஒரு அகப்பை கூட. மனுசனின் வயிறு உள்ளே போய்விட்டது. பழைய களுசான்களுக்கு எல்லாம் கயிறு கட்டுகிறார். எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

எல்லாம் சீராகப் போகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தால் எண் தாறுமாறாகும். கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். சில நாள் சிரட்டையைப் பார்த்து அழுவாள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்து, அவளுக்குச் சரிசமமாகச் சோற்றைத் திட்டுவேன். திட்டி முடிய இருவருக்கும் பசி வந்துவிடும்.

குசினியில் குளுக்கோஸ் பெட்டி ஒன்று, அவளின் புத்தகப் பையில் ஒன்று, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒன்று, மச்சாள் வீட்டில் ஒன்று. அதை ஒருவரும் தொட மாட்டோம், ஒருவரும் எங்கும் கொண்டுபோகவும் மாட்டோம்.

இந்தத் தைப்பூசம்

இந்த முறையும் புதிர் எடுத்தோம். தர்சிகா வளர்ந்துவிட்டாள். இப்போது ஊசியைத் தானே போடுகிறாள், மாவட்டப் போட்டியில் ஓடியும் வந்திருக்கிறாள். தகப்பனோடு வயலில் இறங்கிக் கதிர் அறுத்ததும் அவள் தான். மச்சாள் வழமை போலப் புதுச் சேலையில் வந்தா. விறகு காய்ந்திருந்தது. புக்கை நேரத்துக்கே பொங்கியது. தர்சிகா ஊசியும் போட்டுவிட்டாள். ஆனாலும் ஐயர் குறித்துத் தந்த நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

நான் தட்டை எடுத்துக்கொண்டு சாமியறைப் பக்கம் போனேன். மனுசன் என் கையில் இருந்து அதை வாங்கினார். தர்சிகாவின் சிரட்டையை எடுத்து, புக்கையை அளந்து, பக்கத்தில் அவித்த முட்டையும் கடலையும் வைத்து, பாயில் இருந்த பிள்ளைக்கு முன்னால் வைத்தார்.

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் காணாதவா போலத் திரியை உருட்டிக்கொண்டிருந்தா.

"அப்பா, இன்னும் படைக்கேல்லை," என்றாள் தர்சிகா. "சாமிக்கு?"

"நீ சாப்பிடம்மா," என்றார் அவர். "சாமி பொறுத்திருப்பார். அவருக்கு ஊசி போடேல்லை."